39 அடி என்றது வரைபடம்

1992 ஆகஸ்ட் 7. இரவு மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையோரம், கட்டிஹங்க் தீவுக்குத் தெற்கே, நியூயார்க்கை நோக்கி விரைந்துகொண்டிருந்தது 'குவீன் எலிசபெத் 2'. நீளம் 963 அடி, வேகம் சுமார் 25 நாட். திடீரென்று கப்பல் குலுங்கி அதிர்ந்தது. தரை தட்டிவிட்டது!

கப்பலின் அடிப்பகுதி நீருக்குள் இருந்தது 32 அடி சொச்சம். அந்த இடத்தில் வரைபடம் காட்டிய ஆழம் 39 அடி. ஆறேழு அடி மிச்சமிருக்க, எப்படித் தட்டும்?

அந்தப் பகுதியைக் கடைசியாக அளந்தது 1939இல். கப்பல் கடலில் இறங்கியதற்கு 28 ஆண்டுகள் முன்பு! கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டிப் படகிலிருந்து இறக்குவார்கள். குண்டு தரையைத் தொட்டதும் கயிற்றிலுள்ள அடையாளத்தைப் பார்த்து ஆழத்தை எழுதிக்கொள்வார்கள். பிறகு படகை நகர்த்தி மறுபடி ஒரு குண்டு. குண்டு விழுந்த இடத்தின் ஆழம் சரிதான். இரண்டு குண்டுகளுக்கு நடுவில்? வெறும் யூகம். பனியுகத்துப் பனியாறுகள் உருட்டி வந்து போட்ட பாறைகள் அங்கே கடலடியில் நிறைய. அப்படி ஒன்று, சுமார் 35 அடி ஆழத்தில், யார் குண்டுக்கும் அகப்படாமல் கிடந்திருக்கிறது. பின்னர் மூழ்கிப் பார்த்தபோது பாறைகளில் கப்பலின் சிவப்புப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

ஆனால் 35 அடியும் 32 அடியைவிட அதிகம்தானே? இங்கேதான் வேகம் வருகிறது. ஆழமில்லாத கடலில் பெரிய கப்பல் வேகமாகப் போனால், அடியில் ஓடும் நீரின் அழுத்தம் குறைந்து கப்பல் சில அடிகள் கீழே அமிழும். எந்த வேகத்தில் எவ்வளவு அமிழும் என்ற போதிய விவரம் கப்பலில் இல்லை. போதாக்குறைக்கு, நடுவழியில் திட்டமிடாமல் திசையை மாற்றியிருந்தார்கள். புதிய பாதை நேரே அந்த 39 அடியின் மேல் போனது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. பைலட்டும் கேப்டனும் அதிகாரிகளும் பாதையைப் பற்றிப் பேசி முடிவெடுக்காததே முதல் காரணம் என்றது. பழைய வரைபடத்தின் மேல் பழி போட்டுத் தப்பிக்க விடவில்லை. நியாயம்தான். அதே தவறான வரைபடத்தோடு மெதுவாகப் போயிருந்தால் கப்பல் அந்தப் பாறையைத் தாண்டியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.