பத்து முதல் பதின்மூன்று வரை

2006-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் நான் முதன்முதலாக ஒரு கணினியைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டினேன். மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, பேருந்தில் மடியில் வைத்துக் காரைக்காலுக்குக் கொண்டுவந்தவை. பூட்டுவதில் பெரிய சிரமம் இருக்கவில்லை. வயர்லெஸ் கார்டு என்கிற ஒரே ஒரு சாமான்தான் மூன்று வாரம் என்னை அலைக்கழித்தது. காரணத்தைத் தேடிப் போனால், அது எங்கள் ஊரின் பழைய கதையில் கொண்டுபோய் விட்டது.

கணினி அப்பாயிக்காகத்தான். சித்தப்பா பாரீசில் இருந்தார். 1954 நவம்பர் 1-ஆம் தேதி காரைக்காலின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தாலும், ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28-இல். அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அதற்கடுத்த ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடித்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் 'சொல்தா'க்கள் பலர் அப்படி எழுதிக் கொடுத்தவர்கள். எங்கள் வீட்டில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சித்தப்பா ஒரு சொல்தா வீட்டில் பெண்ணெடுத்து 1979-இல் போய்ச் சேர்ந்தார். வந்து போனது மொத்தம் நான்கு தடவை. மற்றபடி ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும்தான்.

அந்தப் போன் மாடியில் இருந்தது. அப்பாயியால் படியேற முடியாது. கீழே முற்றத்துக்குப் பின்னால் அவள் அறை. பழைய சுண்ணாம்புச் சுவரில் ஓட்டை போட அப்பா சம்மதிக்கவில்லை. அதனால் மாடியில் பிராட்பேண்டும் ரூட்டரும், கீழே அப்பாயி அறையில் கணினியும் கேமராவும், நடுவில் கம்பியில்லாத் தொடர்பு என்று திட்டம் போட்டேன்.

சித்தப்பா, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு கார்டைக் கொடுத்தனுப்பினார். 2001-இல் அங்கே வாங்கியது. "பிரான்சு சாமான்டா, நல்லா ஒழைக்கும்" என்று போனில் சொன்னார். பிசிஐ இடுக்கில் செருகினேன். பொருந்தியது. டிரைவரும் ஏறியது. பச்சை விளக்கும் எரிந்தது. ஆனால் ரூட்டர் மட்டும் அதன் கண்ணில் படவே இல்லை. நண்பனின் லேப்டாப்பில் அதே ரூட்டர் பளிச்சென்று தெரிந்தது. பழுது பார்க்கும் அண்ணன், "கார்டு செத்துப்போச்சு தம்பி, தூக்கிப் போடு" என்றார்.

தூக்கிப் போட மனசு வரவில்லை. அப்போது உபுண்டு குறுந்தகட்டை இலவசமாகவே தபாலில் அனுப்புவார்கள். அதைப் போட்டு, கார்டு எந்தெந்த சேனல்களில் பேசும் என்று கேட்கும் கட்டளையைக் கொடுத்தேன். நான்கு வரி வந்தது: 10, 11, 12, 13. அவ்வளவுதான். எங்கள் ரூட்டர் இருந்ததோ ஆறாம் சேனலில்.

கார்டு செத்திருக்கவில்லை. அது பிரெஞ்சுச் சட்டத்தை மதித்துக்கொண்டிருந்தது.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தொழிற்சாலை, மருத்துவக் கருவிகளுக்கென 1947-இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேச மாநாடு ஒதுக்கியது. மைக்ரோவேவ் அடுப்பு அங்கேதான் வேலை செய்கிறது. 1985-இல் அமெரிக்கா அதை உரிமமில்லாத தகவல் தொடர்புக்கும் திறந்துவிட்டது. 1997-இல் 802.11 தரநிலை வந்தது. ஆனால் எல்லா நாட்டுக்கும் ஒரே காற்று இல்லை. பிரான்சில் அந்த அலைவரிசையின் பெரும்பகுதியை ராணுவம் வைத்திருந்தது. மேல்கோடியில் 2.4465 முதல் 2.4835 வரைதான் மற்றவர்களுக்கு. அதில் அடங்கும் சேனல்கள்தான் பத்து முதல் பதின்மூன்று வரை. ஸ்பெயினுக்குப் பத்தும் பதினொன்றும் மட்டும். அமெரிக்காவுக்கு ஒன்று முதல் பதினொன்று. தரநிலையில் இதற்கெல்லாம் குறியீட்டு எண்கள் உண்டு: அமெரிக்கா 10, கனடா 20, ஐரோப்பா 30, ஸ்பெயின் 31, பிரான்சு 32, ஜப்பான் 40. கார்டு எந்த நாட்டுக்குரியது என்பதைச் சொல்வது இந்த எண்தான்.

அந்தப் பட்டியலில் இந்தியாவுக்கு எண்ணே கிடையாது. 1933-ஆம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. வீட்டு ரேடியோவுக்கு அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டியதை எங்கள் அப்பா தலைமுறை மறந்திருக்காது. 2.4 கிகாஹெர்ட்ஸை வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் உரிமமில்லாமல் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு அறிவித்தது 2005 ஜனவரி 28-இல். சுனாமி அடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. காரைக்காலில் அன்று அதைக் கவனிக்கும் நிலையில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அந்த விடுதலை என்னவெல்லாம் செய்தது என்பதற்குத் தேனியே சாட்சி. அரவிந்த் கண் மருத்துவமனையையும் கிராமத்துக் கண் பரிசோதனை மையங்களையும் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரண வைஃபை கார்டுகளால் இணைத்தார்கள். வைஃபையில் ஒருவர் அனுப்பினால் மற்றவர் உடனே 'வந்தது' என்று பதில் சொல்ல வேண்டும். பத்து கிலோமீட்டர் தாண்டினால் அந்தப் பதில் தாமதமாகும். 'போய்ச் சேரவில்லை' என்று நினைத்து கார்டு திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். அதன் டிரைவரைத் திருத்த முடிந்ததால் அந்தப் பழக்கத்தை மாற்றினார்கள். கிராமத்தில் உட்கார்ந்திருந்த நோயாளியைத் தேனியிலிருந்த மருத்துவர் திரையில் பார்த்துப் பேசினார்.

அப்படியென்றால் ஒரு கார்டு மூன்று இடத்தில் பொருந்த வேண்டும். இடுக்கில் பொருந்த வேண்டும், டிரைவரில் பொருந்த வேண்டும், கடைசியாகக் காற்றின் சட்டத்திலும் பொருந்த வேண்டும். மூன்றாவதை எந்தப் பெட்டியிலும் அச்சடித்து நான் பார்த்ததில்லை.

காரைக்கால்காரனுக்கு இது புரிய அதிக நேரம் ஆகாது. 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த ஊர் இது. வடக்கே நண்டலாறு, தெற்கே வாஞ்சூர். அந்தப் பக்கமும் அதே வயல், அதே தமிழ். ஆனால் வாஞ்சூரைத் தாண்டினால் சாராயத்துக்கு வேறு சட்டம், பெட்ரோலுக்கு வேறு விலை. சுமார் 160 சதுர கிலோமீட்டர் ஊருக்கு மூன்று பக்கமும் தமிழ்நாடு. தலைநகரோ 130 கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரியில். வரைபடத்தில் கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கிறோம், வேறு சேனலில்.

தீர்வு இரண்டு நிமிட வேலை. ரூட்டரைப் பதினொன்றாம் சேனலுக்கு மாற்றினேன். அமெரிக்கச் சட்டத்துக்கும் பிரெஞ்சுச் சட்டத்துக்கும் பொதுவாக இருந்தவை பத்தும் பதினொன்றும்தான். வேடிக்கை என்னவென்றால், சித்தப்பா ஊரிலேயே அந்தக் கட்டுப்பாடு 2003 வாக்கில் தளர்ந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்த கார்டு மட்டும் பழைய சட்டத்தையே பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாயி திரை முன்னால் உட்கார்ந்தாள். படம் விட்டு விட்டுத்தான் வந்தது. கொஞ்ச நேரம் பேசாமலே பார்த்துக்கொண்டிருந்தவள், "தலையெல்லாம் நரைச்சிருச்சேடா, சொல்லவேயில்லையே" என்றாள். அந்தப் பக்கம் சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்தேழு வருஷத்தில் நான்கு தடவை பார்த்த மகனை, அதற்குப் பிறகு அவள் வாராவாரம் பார்த்தாள். 2009-இல் அவள் போகும்வரை அந்தக் கார்டு பழுதாகவில்லை.

போன மாதம் அண்ணன் மகன் தன் கணினிக்குக் கார்டு தேடிக்கொண்டிருந்தான். "சித்தப்பா, எம்.2 இடுக்கு இருக்கு, ஏஎக்ஸ்201 போட்டுரலாமா?" என்று கேட்டான். அவனுடையது ஏஎம்டி போர்டு. ஏஎக்ஸ்201-இன் பாதி வேலை இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கிறது. மற்ற போர்டில் செருகலாம், ஓடாது. ஏஎக்ஸ்210 வாங்கச் சொன்னேன்.

"பொருந்துதுல்ல, அப்புறம் என்ன?" என்றான்.

உட்காரச் சொல்லி, அப்பாயி கதையிலிருந்து ஆரம்பித்தேன்.