அணுவுலைப் பொறியியற் பாடநூல்கள்: ஒரு வரலாற்று நோக்கு

அணுவுலைப் பொறியியலைக் கற்கத் தொடங்கும் மாணவர் எந்நூலை முதலில் தேர்ந்தெடுப்பது என்னும் வினாவிற்கு, அந்நூல்கள் தோன்றிய வரலாற்றை அறியாமல் விடை கூறுதல் அரிது. சிகாகோவில் 1942ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் முதல் அணுத் தொடர்வினை நிகழ்த்தப்பட்டது. அதன்வழிக் கிடைத்த அறிவின் பெரும்பகுதியை அமெரிக்காவின் 1946ஆம் ஆண்டு அணுவாற்றல் சட்டம் மறைபொருளாக்கியது. எனவே, இத்துறையில் பாடநூல் எழுதுவதற்கே அரசின் இசைவு வேண்டியிருந்தது.

1950இல் ஓக் ரிட்ஜில் அணுவுலைத் தொழில்நுட்பப் பள்ளி தொடங்கப்பெற்றது. 1952இல் சாமுவேல் கிளாஸ்டோனும் மில்டன் எட்லண்டும் அணுவுலைக் கோட்பாட்டின் அடிப்படைகளை விளக்கும் நூலை வெளியிட்டனர். 1955இல் கிளாஸ்டோனின் பொறியியல் நூல் வந்தது. ஹோமி பாபா தலைமையில் ஜெனீவாவில் அணுவாற்றல் மாநாடு நடைபெற்றதும் அவ்வாண்டே. கிளாஸ்டோன் இயற்பியலாளர் அல்லர். இங்கிலாந்தில் பிறந்த வேதியியலாளர். அணுப்படைக்கலங்களின் விளைவுகள் பற்றிய நூலைப் பதிப்பித்தவரும் அவரே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இயற்பியலாளர்கள் தோற்றுவித்த துறையாதலின், நியூட்ரான்களின் இயக்கமே அதன் பாடத்தில் முதலிடம் பெற்றது. 1966இல் வெளிவந்த லாமார்ஷின் கோட்பாட்டு நூலும், 1976இல் வெளிவந்த டூடர்ஸ்டாட், ஹாமில்டன் ஆகியோரின் பகுப்பாய்வு நூலும் இம்மரபின் சிறந்த விளைவுகள் எனலாம். வெப்பத்தைக் கடத்தும் முறைகளை விரிவாகக் கற்க விரும்பியவர், எல்-வக்கீல் 1971இல் வெளியிட்டது போன்ற தனி நூலை நாட வேண்டியிருந்தது.

இப்பகுப்பின் பொருளை 1979 மார்ச் 28 அன்று மூன்று மைல் தீவில் நிகழ்ந்த விபத்து உணர்த்திற்று. அங்குத் தொடர்வினை சில நொடிகளிலேயே நின்றுவிட்டது. ஆயினும், பிளவுப் பொருள்களின் சிதைவு வெப்பம் நிற்கவில்லை. உலை நின்றவுடன் அது முழு ஆற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருக்கும். பின்னர்ப் படிப்படியாகக் குறையும். திறந்தே சிக்கிக்கொண்ட ஒரு வால்வின் வழியே குளிர்விக்கும் நீர் வெளியேறியது. உலையில் நீர் மிகுந்துள்ளது எனப் பிறழ உணர்ந்த இயக்குநர்கள் அவசர நீர்வரத்தைக் குறைத்தனர். உலையின் உள்ளகத்தில் ஏறக்குறைய பாதி உருகியது. இயக்குநர்களின் பயிற்சியிலிருந்த குறைபாட்டைக் கெமனி ஆணையம் சுட்டிக்காட்டியது. முந்தைய பாடநூல்கள் சிதைவு வெப்பத்தை அறியாதவை அல்ல. அதற்கு அவை அளித்த இடமே சிந்தனைக்குரியது. 2011இல் ஃபுகுஷிமாவிலும், நிலநடுக்கத்தின்போது நின்றுபோன உலைகளை உருக்கியது இவ்வெப்பமே.

ஆகவே, லாமார்ஷ் 1975இல் எழுதிய அறிமுக நூலிலிருந்து தொடங்குவதே தக்கது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பரட்டாவுடன் இணைந்த மூன்றாம் பதிப்பு 2001இல் வந்தது. அதனையடுத்து, டோட்ரியாஸ், காசிமி ஆகியோர் 1990இல் வெளியிட்ட வெப்ப நீரியல் நூலைக் கற்கலாம். கிளாஸ்டோன், செசான்ஸ்கே நூலை வாங்குவோர் பதிப்பாண்டைக் கவனித்தல் வேண்டும். 1963ஆம் ஆண்டின் முதற்பதிப்பில் நியூட்ரான் சமன்பாடுகள் இன்றும் பழுதற்றவையே. பாதுகாப்பைக் கற்பதற்கோ, இரு தொகுதிகளாக வந்த 1994ஆம் ஆண்டு நான்காம் பதிப்பையே நாட வேண்டும்.