முதல் பல்பு மின்சாரத்தைத் தின்றுவிடுமா?

விழுப்புரம் சந்திப்பில் ஒரு மாலை நேரம். சென்னைப் பக்கம் செல்லும் வண்டிக்காகக் காத்திருந்தபோது என் பழைய மாணவி ஒருவரைச் சந்தித்தேன். இயற்பியலில் முதல் வகுப்பில் தேறியவர். பி.எட். முடித்துவிட்டு, திண்டிவனத்தை அடுத்த ஓர் ஊரில் அறிவியல் ஆசிரியையாகப் பணியாற்றி வருகிறார். நலம் விசாரித்து முடித்ததும் சற்றுத் தயங்கினார்.

"சார், வகுப்பில் ஒரு பையன் ஒரு கேள்வி கேட்டுவிட்டான். இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்துப் படம் போட்டிருந்தேன். 'டீச்சர், முதல் பல்பே மின்சாரத்தைத் தின்றுவிட்டால் இரண்டாவது பல்புக்கு என்ன மிச்சம் இருக்கும்?' என்றான். கிர்க்காஃப் விதியைச் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். ஆனால் எனக்கே நிறைவாக இல்லை. யோசித்துப் பார்த்தால், ஒரு மின்கலத்தையும் பல்பையும் என் கையால் இணைத்து எரியவைத்துப் பார்த்ததே இல்லை, சார்."

எனக்குச் சுருக்கென்றது. அவருக்குக் கிர்க்காஃப் விதியைக் கற்பித்தவன் நான். அவர் விடைத்தாளில் முழு மதிப்பெண் போட்டவனும் நான்தான். மீட்டர் பிரிட்ஜும் பொட்டென்ஷியோமீட்டரும் சோதனைச்சாலையில் செய்துதான் தேறினார். இருந்தும் ஒரு சிறுவனின் கேள்விக்கு முன்னால் அவர் நிராயுதபாணியாக நிற்க நேர்ந்தது. பிழை எங்கே?

இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ ஐம்பதாண்டு வரலாறு உண்டு. அதையே இங்குக் காண்போம்.

அணுக்கருவிலிருந்து வகுப்பறைக்கு

லிலியன் மெக்டெர்மாட் என்ற அம்மையார் 1931-ல் அமெரிக்காவில் பிறந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இயற்பியலில் ஆராய்ந்து, 1959-ல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஆர்னால்ட் ஆரன்ஸ் என்ற பேராசிரியர் பள்ளி ஆசிரியர்களுக்காக நடத்திவந்த இயற்பியல் வகுப்புகளில் அவருக்குத் துணையாகச் சேர்ந்தார். 1973-ல் அப்பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் ஆசிரியப் பணி ஏற்றார்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிப் பொருள்தான் புதுமையானது. அணுக்கருவை ஆராய்ந்தவர், இயற்பியல் படிக்கும் மாணவரின் மனத்தில் என்ன நடக்கிறது என்பதை ஆராயத் தலைப்பட்டார். அதுவும் கல்வியியல் துறையில் அல்ல. இயற்பியல் துறைக்குள்ளேயே இருந்துகொண்டு! மாணவரை எதிரே அமர்த்திக் கருவியை இயக்கிக் காட்டுவது, கேள்வி கேட்பது, அவர் சொல்லும் விடையையும் அதற்கான காரணத்தையும் பதிவு செய்வது என்பதே அவரது முறை. அணுக்கருவை அளப்பது போன்ற அதே கண்டிப்புடன் இதையும் செய்யவேண்டும் என்பது அவரது கொள்கை.

அவரும் அவர் மாணவர் டேவிட் ட்ரோபிரிட்ஜும் திசைவேகம் குறித்துச் செய்த ஆய்வு 1980-ல் வெளிவந்தது. அவர்கள் உருளும் பந்துகளைப் பயன்படுத்தினார்கள். நாம் அதை நம் ஊர்ச் சாலைக்குக் கொண்டுவருவோம்.

விக்கிரவாண்டி நிறுத்தத்திலிருந்து ஒரு பேருந்து அப்போதுதான் புறப்படுகிறது. சீரான வேகத்தில் வரும் லாரி ஒன்று அதைக் கடந்து முன்னே செல்கிறது. பேருந்து மெல்ல மெல்ல வேகம் கூட்டி, சிறிது நேரத்தில் லாரியை முந்திவிடுகிறது. வாசகர்களே, இரண்டும் ஒரே வேகத்தில் சென்ற கணம் எது?

"இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோது" என்று நாக்கு நுனியில் வருகிறதல்லவா? என் வகுப்பிலும் பெரும்பாலோர் இதையே சொன்னார்கள். ஆனால் முதல் முறை பக்கத்தில் வந்தபோது லாரி வேகமாகச் சென்றது; அதனால்தான் அது முந்தியது. இரண்டாம் முறை பேருந்து வேகமாகச் சென்றது. வேகம் சமமாக இருந்தது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு கணத்தில். அதாவது, லாரி மிக அதிக தூரம் முன்னே போயிருந்த கணத்தில்! பந்துகளைப் பார்த்த அமெரிக்க மாணவர்களில் பலரும் இதே தவற்றைச் செய்தனர். அவர்கள் சூத்திரம் அறியாதவர்கள் அல்லர். 'ஒரே இடம்' என்பதையும் 'ஒரே வேகம்' என்பதையும் அவர்கள் மனம் பிரித்துப் பார்க்கவில்லை, அவ்வளவே.

ஐந்து பல்புகள்

இனி நம் பையனின் பல்புக்கு வருவோம். 1992-ல் மெக்டெர்மாட்டும் பீட்டர் ஷாஃபரும் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி உண்டு. ஒரே மாதிரியான மூன்று மின்கலங்களும் ஐந்து பல்புகளும் உள்ளன. முதல் மின்கலத்தில் ஒரு பல்பு மட்டும். இரண்டாவதில் இரண்டு பல்புகள் தொடராக. மூன்றாவதில் இரண்டு பல்புகள் பக்க இணைப்பாக. ஐந்து பல்புகளையும் அவற்றின் ஒளிர்வுக்கேற்ப வரிசைப்படுத்துக, காரணமும் கூறுக. மின்கலங்களின் உள்மின்தடையைக் கணக்கில் கொள்ளவேண்டாம்.

தாளை எடுத்து எழுதிப் பார்த்தபின் மேலே படியுங்கள்.

தனிப் பல்பும், பக்க இணைப்பிலுள்ள இரண்டும் சமமாக ஒளிரும். தொடரிலுள்ள இரண்டும் தம்முள் சமமாக, ஆனால் மங்கலாக ஒளிரும். கணக்குப் போடவே தேவையில்லாத இந்தக் கேள்வியை, பாடம் நடத்தி முடித்தபிறகு, 1,000-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டார்கள். சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேரே! மின்னோட்டம் பல்பில் செலவழிந்துவிடுகிறது என்றும், மின்கலம் எந்தச் சுற்றிலும் ஒரே அளவு மின்னோட்டத்தையே தருகிறது என்றும் பலர் எண்ணியிருந்தனர். அதைவிட வியப்பு, உயர்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர்களிடம் கேட்டபோதும் ஏறக்குறைய இதே விளைவுதான் கிடைத்தது.

ஆக, அந்தச் சிறுவனின் ஐயம் அறியாமை அல்ல. உலகெங்கும் கற்றவர் மனத்திலும் ஒளிந்திருக்கும் எண்ணத்தை அவன் வாய்விட்டுச் சொன்னான்.

இதிலிருந்து மெக்டெர்மாட் எடுத்த முடிவு ஆசிரியர் பயிற்சியைப் பற்றியது. ஆசிரியர்கள் தாம் கற்ற விதத்திலேயே கற்பிக்கிறார்கள். சொற்பொழிவு கேட்டுக் கற்றவர் சொற்பொழிவே செய்வார். கல்லூரியின் வழக்கமான பாடங்களை மிகுதியாகப் படிப்பதால் மட்டும் ஒருவர் நல்ல பள்ளி ஆசிரியர் ஆகிவிடமாட்டார். கற்பிக்கும் முறை ஓரிடத்திலும் பாடப்பொருள் வேறிடத்திலும் எனப் பிரித்துக் கொடுத்தாலும் பயனில்லை. வருங்கால ஆசிரியர்களுக்கென்று தனிப் பாடங்களை இயற்பியல் துறைகளே நடத்தவேண்டும் என்று 1990-ல் அவர் எழுதினார். 1996-ல் வெளிவந்த அவரது குழுவின் பாடநூல் இந்த நோக்கில் அமைந்தது. அதில் ஆசிரியர்கள் ஒரு பல்பு, ஒரு மின்கலம், ஒரு துண்டுக் கம்பி ஆகியவற்றைக் கொண்டு தொடங்கி, மின்னோட்டம் என்ற கருத்தைத் தாமே படிப்படியாகக் கட்டியெழுப்புகிறார்கள். அம்மையார் 2020-ல் மறைந்தார்.

நம் நாட்டின் முயற்சி

இதே காலத்தில் நம் நாட்டிலும் ஒரு பெரும் முயற்சி நடந்தது. 1972-ல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 16 நடுநிலைப் பள்ளிகளில் அது தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் ஆகிய இரு அமைப்புகள் மாநில அரசின் அனுமதியோடு இதை மேற்கொண்டன. தில்லிப் பல்கலைக்கழக இயற்பியலாளர்களும் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகளும் கிராமப் பள்ளிகளுக்கு வந்து உழைத்தார்கள்.

அங்கே குழந்தைகள் சிறு குழுக்களாக அமர்ந்து சோதனை செய்து, கண்டதை எழுதி, விவாதித்து முடிவுக்கு வரவேண்டும். தேர்வில் புத்தகத்தைப் பார்த்து எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. ஆசிரியர்களும் கோடை விடுமுறையில் மாணவர்களைப் போலவே அமர்ந்து அதே சோதனைகளைச் செய்தார்கள். ஆண்டு முழுவதும் மாதந்தோறும் கூடித் தம் வகுப்பறைச் சிக்கல்களைப் பேசினார்கள். பயிற்சி ஒரு முறை வாங்கிக்கொண்டு மறந்துவிடும் சடங்காக இருக்கவில்லை.

1978-ல் இத்திட்டம் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982-ல் இதை முன்னெடுக்க ஏகலவ்யா என்ற அமைப்பு தோன்றியது. முப்பது ஆண்டுகள் நடந்தபின், 2002-ல் மாநில அரசு இதை நிறுத்திவிட்டது. திட்டம் நின்றாலும் அது எழுப்பிய கேள்விகள் நிற்கவில்லை.

பம்பாயில் டாட்டா நிறுவனத்தின் ஓர் அங்கமாக 1974-ல் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் தோன்றியது. இயற்பியலாளர் வி.ஜி. குல்கர்ணி அதன் முதல் தலைவராக வழிநடத்தினார். அவருக்குப்பின் 1994-ல் இயக்குநரான அரவிந்த் குமாரும் கோட்பாட்டு இயற்பியலில் இருந்து கல்வி ஆராய்ச்சிக்கு வந்தவரே. அவரும் சக ஆய்வாளர்களும் 1994-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ரயில்நிலையத்தில் நிற்கும் எவருக்கும் சுவையானது. இயக்கத்தை அளக்க நாம் அடிப்படையாகக் கொள்ளும் குறிப்பாயத்தை மாணவர்கள் எப்படிக் கற்பனை செய்கிறார்கள் என்று அவர்கள் ஆராய்ந்தார்கள். பல மாணவர்களுக்குக் குறிப்பாயம் என்பது ஒரு பொருள். அந்தப் பொருளின் எல்லையோடு அதுவும் முடிந்துவிடுகிறது. மேலும், ரயில் ஓடுவதே 'உண்மை' இயக்கம், மரங்கள் பின்னோக்கி ஓடுவது வெறும் 'தோற்றம்' என்று அவர்கள் பிரிக்கிறார்கள். கலீலியோவின் சார்பியக்கக் கருத்தைத் தேர்வில் எழுதும் மாணவரிடமும் இப்பிரிவினை தங்கியிருக்கக் கூடும்.

மீண்டும் நடைமேடையில்

இவ்வளவையும் அன்று அவரிடம் சொல்ல நேரமில்லை. ஒன்றை மட்டும் சொன்னேன். "விடை சொல்லவேண்டாம் அம்மா. இரண்டு டார்ச் பல்புகளையும் இரண்டு மின்கலங்களையும் அந்தப் பையன் கையில் கொடுங்கள். ஒன்று சற்று மங்கலாக எரிந்தால், பல்புகளை இடம் மாற்றச் சொல்லுங்கள்."

மங்கலான பல்பு முன்னே போட்டாலும் பின்னே போட்டாலும் மங்கலாகவே இருக்கும். அது அந்தப் பல்பின் குணம். முதலில் நிற்பது தின்றுவிடுகிறது என்றால், இடம் மாறியதும் முன்னே வந்தது பிரகாசமாகியிருக்க வேண்டுமே! இதைப் பையன் தானே கண்டபிறகு சைக்கிள் சங்கிலியைக் காட்டலாம். சங்கிலியின் கண்ணிகள் குறைவதில்லை. ஆனாலும் காலின் உழைப்பு பின்சக்கரத்தைச் சேர்கிறது. மின்னோட்டமும் குறைவதில்லை, ஆற்றல்தான் பல்பில் ஒளியாகவும் வெப்பமாகவும் மாறுகிறது.

சில நாட்களுக்குப்பின் அவரிடமிருந்து செய்தி வந்தது. பையன் பல்புகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்படியானால் மின்கலம் ஏன் டீச்சர் தீர்ந்துபோகிறது?" என்று கேட்டானாம். அடுத்த பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது!

என் வகுப்பிலும் ஒரு மாற்றம் செய்தேன். கிர்க்காஃப் விதிக்கு முந்தின நாள், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பல்பு, ஒரு மின்கலம், ஒரு கம்பி கொடுக்கிறேன். முதல் ஆண்டில் பாதி வகுப்பு அதை எரியவைக்கத் திணறியது. அவர்களில் பலர் நாளை நம் மாவட்டத்துப் பள்ளிகளில் ஆசிரியர் ஆகப்போகிறவர்கள். கற்பித்துவிட்டோம் என்று கல்லூரி ஆசிரியர் நினைப்பதற்கும் மாணவர் கற்றுக்கொண்டதற்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதை அளந்து பார்ப்பதும் இயற்பியலாரின் வேலையே.