விதையைக் காத்தவர்களின் பெயர் எங்கே?

இந்தியாவின் இயற்கை வேளாண்மை வரலாற்றை யார் எழுதினாலும் ஆல்பர்ட் ஹோவர்டின் பெயர் வந்துவிடும். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆங்கிலேய விஞ்ஞானி அவர். மட்கு உரம் தயாரிக்கும் 'இந்தூர் முறை' அவர் வழியாகத்தான் உலகமெங்கும் போனது. இந்திய உழவர்களையும் பயிரைத் தின்னும் பூச்சிகளையும் தன் ஆசிரியர்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். பெருந்தன்மையான சொல்தான். ஆனால் அந்த ஆசிரியர்களில் ஒருவருடைய பெயராவது நமக்குத் தெரியுமா?

தெரியாது. மாடு கட்டிய தொழுவத்தைக் கூட்டியவர், சாணியை அள்ளியவர், குழி வெட்டியவர், விதையைச் சாம்பலில் புரட்டி வைத்தவர் எல்லோரும் 'பாரம்பரிய அறிவு' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போனார்கள். அறிவு வரலாற்றில் ஏறியது, அறிந்தவர் ஏறவில்லை. நிலைத்த வேளாண்மையின் முன்னோடிகளை நேர்காணல் செய்து பதிவு செய்யும் வேலை பல நாடுகளில் நடக்கிறது. நம் நாட்டில் அந்த வேலையைத் தொடங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: முன்னோடி என்று யாரைச் சொல்கிறோம்?

இந்தக் கேள்விக்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. தெலங்கானாவில், ஹைதராபாத்துக்கு மேற்கே சுமார் நூறு கிலோமீட்டரில் ஜஹீராபாத் வட்டாரம். மழை குறைந்த, கல்லும் செம்மண்ணும் கலந்த பூமி. பழைய மேதக் மாவட்டம், இன்று சங்காரெட்டி. இங்கே 1983-இல் தக்காண வளர்ச்சிச் சங்கம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் ஒருவர் பி.வி. சதீஷ், தூர்தர்ஷனில் தயாரிப்பாளராக இருந்தவர். ஊர் ஊராக அமைந்த பெண்கள் சங்கங்களில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள். பட்டேல்களின் வயலில் கூலி வேலை செய்தவர்கள். சிலரிடம் அரசு ஒப்படை செய்த துண்டு நிலம் இருந்தது. யாருக்கும் வேண்டாத, விளைச்சல் கெட்ட நிலம் என்பதால்தான் அது அவர்கள் கைக்கு வந்தது.

அதே 1983-இல் ஆந்திராவில் என்.டி.ஆர். அரசு கிலோ இரண்டு ரூபாய் அரிசித் திட்டத்தைக் கொண்டுவந்தது. பசியைத் தணித்த திட்டம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ரேஷன் கடையில் அரிசி மட்டும் வந்தபோது சோளம், தினை, சாமை விளைந்த மானாவாரிக் காடுகள் தரிசாகின. விளைச்சல் போனதோடு அந்தக் காட்டில் கிடைத்த வேலையும், மாட்டுக்குத் தீவனமும் போயின.

1990-களின் நடுவில் சங்கப் பெண்கள் இதைத் திருப்பினார்கள். தரிசு நிலத்தை உழுது விதைக்கக் கடன் தரப்பட்டது. கடனைப் பணமாகத் திருப்ப வேண்டாம், சோளமாகத் திருப்பினால் போதும். அந்தச் சோளம் அந்தந்த ஊரிலேயே சேமிக்கப்பட்டு, ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் போனது. யார் ஏழை என்பதை அதிகாரி முடிவு செய்யவில்லை. ஊர் கூடி, வீடு வீடாகப் பேசி முடிவு செய்தது. ரேஷன் கடைக்கு மாற்றாக இவர்களே ஒரு தானியக் கிடங்கை நடத்தினார்கள்.

விவசாய முறையும் இவர்களுடையதே. ஒரே காட்டில் சோளம், துவரை, தினை, எள், பயறு வகைகள் என்று பல பயிர்களைக் கலந்து விதைப்பார்கள். ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று அடுப்பை எரியவைக்கும். மழைக்காலம் முடிந்தபின் மண்ணின் ஈரத்தையும் பனியையும் மட்டுமே நம்பி விளையும் பயிர்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'சத்யம் பண்டலு', அதாவது சத்தியப் பயிர்கள். தண்ணீரும் உரமும் கேட்காமல் சொன்ன சொல்லைக் காக்கும் பயிர்கள். விதைகள் வீட்டிலேயே மூங்கில் கூடையில், சாம்பலும் வேப்பிலையும் கலந்து இருக்கும். ஒருத்தியிடம் இல்லாத விதையை இன்னொருத்தி தருவாள். அறுவடைக்குப் பின் வாங்கியதைவிடக் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும். விதைக்கு விலை கிடையாது.

இதுவரை சொன்னது வேளாண்மை. இனி வருவதுதான் வரலாறு எழுதும் கலை.

1990-களின் இறுதியில் இந்தப் பெண்களில் சிலர் வீடியோ கேமரா கையாளக் கற்றார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேமராக் கோணங்களுக்கு அவர்கள் தங்கள் அனுபவத்திலிருந்தே பெயர் வைத்தார்கள். கீழேயிருந்து அண்ணாந்து எடுத்தால் 'அடிமை ஷாட்'. பண்ணையாள் ஆண்டையைப் பார்க்கும் பார்வை அது. மேலேயிருந்து கீழே பார்த்து எடுத்தால் 'பட்டேல் ஷாட்'. கண்ணுக்கு நேராக எடுத்தால் 'சங்கம் ஷாட்'. சங்கத்தில் எல்லோரும் தரையில் சமமாக உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதால் அந்தப் பெயர். ஆய்வாளருக்கும் ஆய்வுக்கு உட்படுபவருக்கும் இடையிலான அதிகாரத்தைப் பற்றிச் சமூகவியல் வகுப்பில் பல வாரம் படிப்பதை இந்த மூன்று சொற்களில் அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கேமரா சும்மா இருக்கவில்லை. 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்ததும், வாரங்கல் விவசாயிகளின் வயல்களுக்குப் போய் விதைப்பு முதல் அறுவடை வரை படம் பிடித்தார்கள். பி.டி. பருத்திமீது வாரங்கல் விவசாயிகளுக்கு ஏன் கோபம் என்று கேட்கும் அந்தப் படம் 2003-இல் வந்தது.

வானொலியின் கதை இன்னும் நீண்டது. அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் தொண்டு நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்தலாம் என்ற கொள்கை 2006-இல்தான் வந்தது. உரிமம் வரும்வரை பெண்கள் காத்துக் கிடக்கவில்லை. விதை, பண்டிகை, மருத்துவம், பாட்டு என்று ஒலிநாடாவில் பதிவு செய்து சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். 2008 அக்டோபர் 15-இல் மாச்னூர் கிராமத்தில் சங்கம் ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் அந்த 1995 தீர்ப்பை எழுதிய நீதிபதி பி.பி. சாவந்த். நடத்தியவர்கள் ஜெனரல் நரசம்மா, அல்கோல் நரசம்மா என்ற இரண்டு தலித் பெண்கள். ஊர்க் கிழவிகளின் விதை நினைவு, கடவுள் படத்துக்குப் பதிலாக அவர்கள் சொந்தக் குரலிலேயே காற்றில் ஏறியது.

2023 பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டு. ஒன்றிய அரசு சிறுதானியத்துக்கு 'ஸ்ரீ அன்னா' என்று பெயர் சூட்டியது. சேரிச் சோறு என்று இளக்காரம் செய்யப்பட்ட தானியம் நட்சத்திர ஓட்டலுக்குப் போனது. அதே ஆண்டு மார்ச்சில் சதீஷ் மறைந்தபோது இந்தியாவின் 'சிறுதானிய மனிதர்' என்று ஊடகங்கள் அஞ்சலி செலுத்தின. அவர் அந்த மரியாதைக்கு உரியவர்தான். ஆனால் வரலாறு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆயிரக்கணக்கான பெண்களின் உழைப்பு ஓர் ஆணின் பட்டப்பெயராகச் சுருங்க ஒரு நாள் போதும். அதற்கு எதிர்ச் சாட்சியாக இருப்பவை அந்தப் பெண்களே எடுத்த படங்களும் பதிந்த ஒலிகளும்தான்.

தோழர்களே, இந்த வேலை நம் ஊர்களில் பெரும்பாலும் நடக்கவே இல்லை. களை எடுத்த, நாற்று நட்ட, விதை பார்த்துப் பிரித்த தலைமுறைக்கு இன்று எழுபது, எண்பது வயது. செல்போனில் பதிவு செய்யப் பெரிய செலவில்லை. ஆனால் விதையைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். நிலம் யாருடையது, எப்படி வந்தது, எப்படிப் போனது என்று கேளுங்கள். 1892 அரசாணையின் வழியே வந்த பஞ்சமி நிலம் கைமாறிய கதை பல ஊர்களில் பெரியவர்களின் நினைவில்தான் மிச்சமிருக்கிறது. கூலி நெல்லாக வந்ததா, காசாக வந்ததா, ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பஞ்சத்தில் எந்தக் கீரையைத் தின்றார்கள் என்று கேளுங்கள்.

இதற்குச் சட்டப் பயனும் உண்டு. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டப்படி, விவசாயிகள் தாங்கள் காத்துவந்த ரகத்தைப் பதிவு செய்யலாம். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி, ஊராட்சி அளவில் மக்கள் பதிவேடு தயாரிக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் நம் மக்களின் அறிவு ஏறும்போது அவர்கள் பெயரும் ஏற வேண்டும். அதனால் அவர்கள் சம்மதம் வாங்குங்கள். எடுத்த பதிவை அவர்களுக்கே முதலில் போட்டுக் காட்டுங்கள். வெளியே போகக்கூடாது என்று அவர்கள் சொல்வதை வெளியிடாதீர்கள். ஒரு பிரதி அந்த ஊரிலேயே இருக்கட்டும்.

கேட்கப் போகும்போது நாற்காலி போட்டால் இரண்டு போடுங்கள். இல்லையென்றால் நீங்களும் தரையில் உட்காருங்கள்.