எண்பத்தொன்பதில் மாறியது எது?

இலங்கைக்கு டெங்கு 1989 இல்தான் வந்தது என்று எண்ணுவோர் பலர். 1962 ஆம் ஆண்டிலேயே குருதிப் பரிசோதனை மூலம் அது இங்கு உறுதிப்படுத்தப்பட்டிருந்தது. எண்பதுகளின் முற்பகுதியில் கொழும்பில் டெங்கு வைரஸின் நான்கு வகைகளும் உலவின. பாடசாலைச் சிறுவர் பலருக்குத் தொற்று ஏற்பட்டது. ஆயினும் உயிரைப் பறிக்கும் இரத்தப்போக்குக் காய்ச்சல் அரிதாகவே இருந்தது. 1989 இல் நிலைமை மாறியது. அன்று தொடங்கிய மரணச் செய்திகளை ஆண்டுதோறும் எழுதிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான்.

அதே நகரம், அதே நுளம்பு, அதே நான்கு வகைகள். அவ்வாறாயின் மாறியது எது?

விடை, பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த பழைய மாதிரிகளில் இருந்தது. 1989 க்கு முன்னும் பின்னும் பெறப்பட்ட மூன்றாம் வகை வைரஸ்களின் மரபணுக்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டு, 2003 இல் முடிவை வெளியிட்டனர். பெயரளவில் இரண்டும் ஒரே வகை. மரபணுவிலோ அவை வெவ்வேறு கிளைகள். பழைய கிளை மறைந்து புதியது அதனிடத்தைப் பிடித்திருந்தது. நோய் கடுமையானதற்கும் இம்மாற்றத்துக்கும் தொடர்புண்டு என அவர்கள் கருதினர்.

இது எவ்வாறு நிகழ்கிறது? டெங்கு வைரஸின் மரபணு ஏறத்தாழ 10,700 எழுத்துகளைக் கொண்டது. ஒப்புநோக்காளர் இல்லாத அச்சகத்தைப் போல, படியெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்த அதற்கு வழியில்லை. பிழைகள் சேர்ந்து புதிய கிளைகள் பிறக்கின்றன. அப்பிழைகளைப் பின்தொடர்ந்தே, ஒரு வைரஸ் எங்கிருந்து வந்ததென்று அறிய முடிகிறது.

பின்னரும் இதே கதைதான். 2009 இல் 35,000 பேரளவில் நோயுற்று, 346 பேர் மாண்டபோது, இங்கு முன்னர் காணப்படாத முதலாம் வகைக் கிளையொன்று கொழும்பில் கண்டறியப்பட்டது. அவ்வகையே சில ஆண்டுகள் மேலோங்கியிருந்தது. பின்னர் இரண்டாம் வகை தலைதூக்கியது. 2017 இல் நோயாளர் தொகை 1,86,000 ஐத் தாண்டியது. ஒரு வகைக்கு எதிராகப் பெற்ற எதிர்ப்புச் சக்தி மற்றொன்றிலிருந்து நீடித்த பாதுகாப்பைத் தருவதில்லை. இரண்டாம் தொற்று கடுமையாகும் அபாயமும் உண்டு.

எனவே எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்ற கணக்கு மட்டும் போதாது. எந்தக் கிளை, எந்த மாவட்டத்தில் என்பதும் தெரிய வேண்டும். 1989 இன் புதிருக்கு விடை தந்த ஆய்வுகள் கொழும்பையே மையமாகக் கொண்டவை. போர் நடந்த அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் காய்ச்சலால் வாடிய பிள்ளைகளின் குருதியில் என்ன இருந்தது என்பதை அந்த ஆய்வுகளிலிருந்து அறிய வழியில்லை. சேமிக்காத மாதிரியை எந்த விஞ்ஞானமும் பின்னாளில் வாசிக்க இயலாது.

அடுத்த கிளை எந்த ஊரில் முதலில் தலைகாட்டும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகவே மாகாண வைத்தியசாலைகளின் குளிரூட்டிகளில் இன்று வைக்கப்படும் சிறு குப்பிகள், நாளைய பிள்ளைகளின் உயிர்க்காப்பு. அவற்றுக்கான செலவை வீண் என்று எவரும் வெட்ட முன்வந்தால், 1989 ஐ அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.