பெரட்டுக்களத்து ஆங்கிலம்

சப்ரகமுவவில், எட்டியாந்தோட்டைப் பக்கம் றப்பர் தோட்டமொன்றை அண்டி வாப்பாவுக்குச் சில்லறைக் கடை இருந்தது. தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய தோட்டத்து மக்களின் ஆங்கிலத்தை அங்கேதான் கேட்டேன். 'பரேட்' பெரட்டாகியிருந்தது, 'லைன்' லயமாகியிருந்தது, 'செக்ரோல்' அப்படியே நின்றது. எல்லாமே வேலை வாங்குவதற்கான சொற்கள்.

கடல் கடந்து புதிதாய் வந்த வெள்ளைத் துரைக்கும் மொழி தேவைப்பட்டது. அவருக்கு உதவ வெல்ஸ் என்பவர் எழுதிய 'கூலித் தமிழ்' 1915இல் வெளிவந்தது. தொழிலாளிக்கோ காதால் கேட்டதுதான் பாடம். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் கல்வி கொடுக்கச் சொன்னது. அதுவும் ஆரம்ப வகுப்பு, தாய்மொழியில் மட்டும்.

இதன் விலை, 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்த பிறகு தெரிந்தது. பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டவர்கள் ஆங்கிலக் கடிதத்தோடு கடைக்கு வருவார்கள்.

"என்னா எழுதியிருக்கு மொதலாளி?"

அரபுத் தமிழில் கணக்கெழுதும் வாப்பாவுக்கும் அது விளங்காது. "கிளாக்கர் ஐயாக்கிட்ட காட்டுங்க" என்பார்.

பெரட்டும் செக்ரோலும் தலைமுறையாய்ப் பேசியவர்கள் அவர்கள். தாங்கள் இந்நாட்டவரா என்று கேட்ட கடிதத்தை வாசிக்க அந்த ஆங்கிலம் உதவவில்லை.