குளிகாரனும் ஈட்டியும்

காற்றழுத்த ஈட்டித் துப்பாக்கி பார்வைக்குப் புதியது. பிரித்துப் போட்டால் பழையது. கூர்முனை, அதைத் தாங்கும் தண்டு, குத்துப்பட்ட மீனை இழுக்கக் கயிறு. இவை யாவும் பழந்தமிழ்ப் பரதவரிடம் இருந்தன: உலர்ந்த மூங்கிற் கழியில் செருகிய உளியைக் கோட்டுமீன்மேல் எறியும் காட்சி குறுந்தொகை 304ஆம் பாட்டில் வருகிறது. மூச்சடக்கிக் கடலடிக்குப் போகும் தொழிலோ மன்னார்க் கடலில் பழமையில் அந்த ஈட்டிக்கு இளைத்ததல்ல. இலங்கையின் பெருமுத்துகளைப் பற்றி மெகஸ்தனிஸ் காலத்துக் கிரேக்கரே கேள்விப்பட்டிருந்தார்கள். ஈட்டி எறியத் தெரிந்தவர்களும் கடலடிக்குப் போகத் தெரிந்தவர்களும் ஒரே கரையில் வாழ்ந்தும், ஈட்டியோடு மூழ்கி மீன் வேட்டையாடும் வழக்கம் இங்கே ஏன் வேர்விடவில்லை? நம்மவருக்குப் புதுமை நாட்டம் போதவில்லை என்ற சோம்பேறி விடையை நான் ஏற்பதில்லை. எந்தக் கருவி நிலைக்கும் என்பதை அந்தந்தக் கடலின் நீரும், அந்த நீருக்குள் கிடக்கும் பொருளின் விலையுமே தீர்மானித்தன.

முதலில் கண்ணை எடுத்துக்கொள்வோம். வெறுங்கண்ணுக்கு நீருக்குள் எல்லாம் மங்கல். முத்துக் குளிகாரர் கல்லைக் காலில் கோத்து ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம் இறங்கி, ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரத்தில் சிப்பிகளைக் கூடைக்குள் வாரினார்கள். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் இப்படிக் கரைசேர்ந்தன. சிப்பி ஓடாது, கை தடவினால் போதும். விலகி ஓடும் மீனைக் குறிபார்க்க முகக்கண்ணாடி வேண்டும். மத்தியதரைக் கடற்கரையில் 1930களில் கண்ணாடி பரவியபோதுதான் ஈட்டித் துப்பாக்கியும் பரவியது. அந்தமான் கடல் மோக்கன் சிறுவர்கள் ஐரோப்பியச் சிறுவர்களைவிட இருமடங்கு தெளிவாக நீருக்குள் பார்க்கிறார்கள் என்று 2003இல் ஓர் ஆய்வு காட்டியதே, நம் குளிகாரருக்கும் அப்படிப்பட்ட பார்வை இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சிறுவர்களும் அந்தப் பார்வையால் தேடி எடுப்பது பெரும்பாலும் சிப்பியும் கடலட்டையும்தான். இன்னொன்று: கண்ணாடியும் காற்றுக் கலமும் கைக்கு வந்த பிறகும் மன்னார்க் குளிகாரர் பெருவாரியாக இறங்கியது சங்குக்கும் அட்டைக்குமே. ஓடாததும் விலைபோவதும் கீழே கிடக்கும்போது, ஒவ்வொரு மீனாகத் துரத்தி மூச்சைச் செலவழிப்பது கணக்குக்கு ஒத்துவராது.

இலுப்பைக்கடவையில் இந்தக் கணக்கு இன்னும் கண்டிப்பானது. மன்னார் – பூநகரி வீதியை ஒட்டிய இந்தக் கரைக்கு முன்னே விரிவது பாக்கு நீரிணை. அதன் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைவு. கரையோரமோ முழங்கால் நீரும் சேறும் கடற்புல்லும் கண்டலும். பவளப் பார் பார்க்க வேண்டுமானால் மன்னார்த் தீவுக்குத் தெற்கே, வங்காலை, அரிப்பு, சிலாவத்துறைப் பக்கம் போக வேண்டும். ஆழங்குறைந்த கலங்கல் நீரில் வேட்டைக்காரன் மூழ்கினால் பார்வையை இழப்பான். நின்றால்தான் அவனுக்கு மீன் தெரியும். வட இலங்கைப் பரவைக் கடல்களில் மண்டா எனப்படும் குத்தீட்டி நிலைத்ததற்குக் காரணம் இதுவே. திருக்கை கிளப்பும் சேற்றையும் புல்லின் அசைவையும் மேலிருந்து படித்துக் குத்துவது தேர்ந்த கலை. நீருக்குள் இருக்கும் மீன் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குக் கீழேதான் இருக்கும் என்பதால் குறியைச் சற்றுத் தாழ்த்த வேண்டும் என்ற ஒளியியலை மண்டாக்காரரின் கை அறியும். கூட்டமாக வரும் மீனுக்கு வலை இருந்தது. இடையில் துப்பாக்கிக்கு என்ன வேலை?

அந்தத் துப்பாக்கியின் அமைப்பே இதற்குச் சாட்சி. குழலைச் சுற்றிய கலத்தில் கைப்பம்பால் காற்றை அடைத்துவைப்பார்கள். வளிமண்டல அழுத்தத்தின் இருபது மடங்களவு என்பது வழக்கமான நிலை. தண்டை வாய்வழியே உள்ளே தள்ளும்போது உந்துதண்டு பின்வாங்கிக் காற்றை மேலும் நெருக்கிக் கொக்கியில் மாட்டும்; விசையை அழுத்தினால் அந்தக் காற்று தண்டை வெளியே எறியும். குழலுக்குள் நிற்கும் நீரையும் சேர்த்துத் தள்ளுவதில் வலுவின் ஒரு பகுதி வீணாகிறது. இதற்காகவே கைதேர்ந்தவர்கள் குழல்வாயில் ரப்பர் அடைப்பு வைத்து, நீர் புகாத உலர்குழலாக மாற்றுகிறார்கள். இந்த மாற்றமும், காற்றைக் கூட்டுவதும், நீளக் குழலைத் தேர்வதும் பெரும்பாலும் நாடுவது வேகத்தையும் தூரத்தையும்தான். நாலு மீட்டருக்கு அப்பால் மீனைக் காட்டாத நீரில் ஐந்து மீட்டர் எட்டும் ஆயுதம் எதற்கு? கலங்கலுக்கும் பொந்துகளுக்கும் ஏற்ற குட்டைத் துப்பாக்கியும் உண்டே, குறைந்த நீளத்தில் நிறைந்த வலு தருவதுதானே காற்றழுத்தத்தின் சிறப்பு என்று மறுக்கலாம். நியாயமான மறுப்பு, வங்காலைப் பாரின் இடுக்குகளுக்கு அது பொருந்தும். இலுப்பைக்கடவையின் சமதளச் சேற்றில் பொந்து எங்கே இருக்கிறது? அங்கே மூங்கில் மண்டா மலிவு. அடைப்பு தேயாது, காற்றும் கசியாது.

இலங்கையில் இந்த வேட்டை பொழுதுபோக்காக வளர்ந்தது தெற்கு, கிழக்கின் தெளிந்த பவளக் கடல்களில். 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய சுழியோடி நண்பர் மைக் வில்சனும் வந்தபோது, ரொட்னி ஜோங்க்ளாஸ் போன்ற சுழியோடிகள் இங்கே முன்னரே பெயர் பெற்றிருந்தனர். இன்று இந்நாட்டுக் கடலில் ஈட்டித் துப்பாக்கி வேட்டைக்குச் சட்டத்தின் அனுமதி இல்லை. இழுவை மடியும் டைனமைட்டும் கடலடியையே அழிக்கையில், ஒரு நேரம் ஒரு மீனை மட்டும் தேர்ந்து கொல்பவனைத் தடுப்பது அநீதி என்பது அதன் ஆதரவாளர் வாதம். இழுவை மடியைப் பற்றி அவர்கள் சொல்வதில் மிகையில்லை. பாக்கு நீரிணை மீனவருக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் தேர்ந்து கொல்வதே இங்கு சிக்கல். வேட்டைக்காரன் தேர்வது பாரின் ஆகப் பெரிய மீனை. கலவாய் இனங்கள் பல பெண்ணாக வளர்ந்து, பெருத்த பின் ஆணாக மாறுபவை. பெரியவற்றையே தொடர்ந்து எடுத்தால் அந்தப் பாரில் ஆண் மீன் அருகிவிடும். இடம் விட்டு அதிகம் நகராத கலவாயை, அதன் பொந்து தெரிந்தவன் அடுத்த நாளும் வந்து தேடலாம்.